தண்ணீர்த் தொட்டி இருக்கட்டும், மூடியைத் திறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆழியாறு – வால்பாறை மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும், கோடையில் கார்கள் கொதித்து நின்று குடும்பங்கள் தவிக்கின்றன என்று வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். நல்ல மனசோடு எழுதியிருக்கிறார். மொத்தம் 40 வளைவு. நாற்பதிலும் தொட்டி கட்டினாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் வண்டி நின்ற பதற்றத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு போய் என்ன செய்வார்கள் என்று நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நான் பொள்ளாச்சியில், எஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டருக்குப் பட்டறை வைத்திருப்பவன். 1984இலிருந்து இதே வேலை. மலையில் கொதித்த வண்டிகளில் பாதி இறங்கி எங்கள் மாதிரிப் பட்டறைகளுக்குத்தான் வரும்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இருட்டும் நேரத்தில் திருப்பூர்க் குடும்பம் ஒன்று காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷத்து டீசல் கார். மகன், மருமகள், பேத்தி, பெரியவர், அவர் வீட்டம்மா. ஒன்பதாவது வளைவில், எல்லாரும் வரையாடு பார்க்க நிறுத்துகிற அதே இடத்தில், வண்டி புகைவிட்டு நின்றிருக்கிறது. பெரியவருக்கு அந்தக் காலத்து வண்டிப் பழக்கம். தோளில் கிடந்த துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டுத் திருகியிருக்கிறார். மூடி கையை விட்டுப் பறந்தது. உள்ளே இருந்த வெந்நீர் முழங்கை வரை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் என் கடைக்கு வந்தார். அந்த நிலையிலும் "மலை ஏத்தம் தம்பி, வண்டி தாங்கல" என்றார்.

மகன் சொன்னது இது: "திடீர்னு ஆயிடுச்சுங்க. காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

இந்த வசனத்தை நான் நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். அதனால் ஓட்டுபவரிடம் ரொம்ப விசாரிக்க மாட்டேன். பக்கத்து சீட்டில் உட்காருபவரைத்தான் கேட்பேன். ஓட்டுபவருக்கு ரோடு தெரியும். வண்டிக்குள் நடப்பது மற்றவர்களுக்குத்தான் தெரியும். மருமகளிடம் "ஏம்மா, ஏசி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஒரு மாசமாவே சிக்னல்ல நின்னா சூடாத்தான் வருதுங்கண்ணா. வண்டி ஓட ஆரம்பிச்சா ஜில்லுனு ஆயிடும். இவர்கிட்ட சொன்னா, கேஸ் கம்மியா இருக்கும்னு சொல்லிட்டார்." அந்தம்மா பேசி முடிப்பதற்குள் பேத்தி, "வண்டி நிக்கிற இடத்துல பச்சையா கோலம் மாதிரி இருக்கும் தாத்தா" என்றாள். பாட்டிக்கு, ஏறி உட்கார்ந்தாலே பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசம். கடைசியில் மகனும் ஒப்புக்கொண்டார்: ரேடியேட்டரோடு சேர்ந்த ரிசர்வ் டேங்க்கில் வாரம் ஒரு தடவை கேன் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நாலு பேருக்கும் ஆளுக்கொரு அடையாளம் தெரிந்திருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மலை எந்த நல்ல வண்டியையும் கொதிக்க வைப்பதில்லை. கீழே மறைந்திருந்த கோளாறை மேலே வைத்துக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி மறைகிறது என்றால், சமவெளியில் எண்பதில் ஓடும்போது முன்னால் அடிக்கிற காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மலையில் இரண்டாம் கியரில் இருபது, இருபத்தைந்தில் ஏறும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்று குறைவு. பாரம் முழுக்க ஃபேன் தலையில் விழுகிறது. அந்த வண்டியில் ஃபேன் மோட்டார் பாதி உயிரோடுதான் இருந்தது. சிக்னலில் ஏசி சூடாக வந்ததும் அதனால்தான். ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரும் ரேடியேட்டரும் முன்னும் பின்னுமாக நிற்பவை. நிற்கும்போது இரண்டுக்கும் காற்றிழுப்பது அதே ஃபேன்தான். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடாகும் ஏசி என்றால், கேஸ் அடிக்கப் போகும் முன் பானெட்டைத் திறந்து வைத்து, ஏசியைப் போட்டுவிட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். வேட்டி, துப்பட்டா, கை எதுவும் அருகில் வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சினை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும்.

வாசலில் சொட்டுவது ஏசித் தண்ணீரா, எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டா என்பது நிறையப் பேருக்குக் குழப்பம். ஏசித் தண்ணீர் வெறும் தண்ணீர். நிறமும் வாசமும் இருக்காது, வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். கூலன்ட் பச்சையாகவோ, சிவப்பாகவோ, நீலமாகவோ இருக்கும்; விரலில் தொட்டால் வழுக்கும்; பாட்டி சொன்ன பாகு வாசம் அடிக்கும்; லேசில் காயாது. சந்தேகம் இருந்தால் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்கு நேர் கீழே நேற்றைய உங்கள் பேப்பரையே விரித்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் கறை எந்த இடத்தில் இருக்கிறது, என்ன நிறம் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. முன்புறம் ரேடியேட்டர் பக்கமாக இருந்தால் டேங்க்கோ ஹோஸோ (ரப்பர் குழாய்) கசிகிறது. பெல்ட் ஓடும் பக்கமாக இருந்தால், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பைச் சந்தேகப்படலாம். பம்ப்பின் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். அது அடைக்க வேண்டிய துளை இல்லை. உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொட்டிக் காட்டுவதற்காகவே வைத்தது. அதைப் பசை வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கூலன்ட் விஷம். வாய்க்கு இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கும். சிந்தினால் உடனே கழுவி விடுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

வாரா வாரம் தண்ணீர் ஊற்றியதற்கு வருகிறேன். ரேடியேட்டர் மூடிய வட்டம். சூடானால் கூலன்ட் விரிந்து ரிசர்வ் டேங்க்குக்குப் போகும், ஆறினால் திரும்பி வரும். எங்கேயும் செலவாகக் கூடாது. குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. வெளியே கறை இல்லாமலே குறைந்தால் இன்னும் மோசம். எஞ்சினுக்குள் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் காபி மாதிரி தெரிந்தாலோ, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். (ஊட்டிக் குளிரில் காலையில் எல்லா வண்டியும்தான் வெள்ளையாகப் புகைவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

எங்கள் அப்பா ஈயம் பூசுபவர். பித்தளைப் பாத்திரத்தைக் கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரம் போட்டு, ஈயத்தை உருக்கித் துணியால் ஒரு சுற்றுத் தேய்ப்பார். உள்ளே முழுக்க நிலா மாதிரி வெள்ளையாகிவிடும். எவர்சில்வர் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. எனக்குத் தெரிந்தது ஈயமும் நெருப்பும்தான். அப்போது ரேடியேட்டர் எல்லாம் செம்பு, பித்தளை. அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் அப்பாவின் தொழிலைத்தான் சொல்வேன். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய எஞ்சினும் அப்படித்தான். பனி பெய்கிற ஊருக்குத்தான் கூலன்ட், நமக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. துருப் பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைக் கூட்டுவதும் நமக்கு வேண்டிய வேலைகள். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து ஊற்றினால் போதும். கலந்தே விற்பதும் கிடைக்கிறது.

போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். அந்தத் தண்ணீரில் தினமும் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். அதே வெள்ளைப் படலம்தான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாயின் உள்வாயில் ஒரு நெல்மணி நுழைகிற அளவுதான் இடைவெளி. பழைய ரேடியேட்டர் என்றால் மேல் டேங்க்கை ஈயம் இளக்கிக் கழற்றி, தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு அடைப்பெடுப்போம். அப்புறம் மூடிப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம், பஞ்சர்க் கடையில் டியூபைப் பார்ப்பது மாதிரி. இப்போது வருவது அலுமினியம் கோர் (நடுவில் இருக்கும் குழாய்க் கூடு), பிளாஸ்டிக் டேங்க். எங்கள் ஈயம் அதில் ஒட்டாது. பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழுந்தால் பசை பூசி மலை ஏறாதீர்கள். மாற்றுவதுதான் வழி. என் தொழிலுக்கு நஷ்டம்தான், என்ன செய்வது.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். நடுக்காட்டில் ஊர் போய்ச் சேர அது உதவியிருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு வேனின் டேங்க்கைத் திறந்தால் சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. ஒழுகிய ஓட்டை அடைபட்டதோ இல்லையோ, பக்கத்துக் குழாயெல்லாம் அடைபட்டிருந்தது.

வெளிப்புற அடைப்பு எங்கள் ஊரில் அதிகம். தென்னை நார்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் போகும் வண்டிகளில் நார்த்தூசி ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் போய் உட்கார்ந்திருக்கும். டார்ச் லைட்டை எஞ்சின் பக்கம் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வரவில்லை என்றால் காற்றும் வராது. கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் பக்கத்தில் வைத்துப் பிரஷரில் அடித்தால் ஃபின் எல்லாம் வாழை இலை மாதிரி மடங்கிப் போகும்.

இப்போது மூடி. முந்நூறு, நானூறு ரூபாய்ச் சாமான், அதனால் யாரும் மதிப்பதில்லை. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் இருக்கும். அவ்வளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, குக்கர் வெயிட் மாதிரி. வால்பாறை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93 போதும். எஞ்சின் ஒழுங்காக ஓடும் சூடே 90 டிகிரி பக்கம். அப்படியானால் மூடியின் ரப்பர் செத்து அழுத்தம் நிற்காத வண்டி, வெறும் தண்ணீரோடு மலை ஏறினால் என்ன ஆகும்? நல்ல மூடி இருந்தால் அதே தண்ணீர் 115 தாண்டித்தான் கொதிக்கும். பெரியவர் கையில் அடித்ததும் அதுதான். அடைபட்டிருந்தவரை கொதிக்காமல் இருந்த தண்ணீர், மூடி கழன்ற அந்த நொடியில் ஆவியாகப் பொங்கியது. துண்டு எந்த மூலைக்கு?

மூடி கெட்டதற்கு எளிதான அடையாளம் ஒன்று உண்டு. வண்டி முழுக்க ஆறின பிறகு மேல் ஹோஸைப் பாருங்கள். கன்னம் ஒட்டினது மாதிரி சப்பி இருந்தால், ரிசர்வ் டேங்க்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும் வால்வு மூடியில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது ரிசர்வ் டேங்க் நிறைந்தே இருக்கும், உள்ளே ரேடியேட்டர் காய்ந்திருக்கும். அதனால் மாதம் ஒரு முறையாவது, காலையில், வண்டி எடுக்கும் முன், ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டி என்றால் அதையே திறந்து பார்த்துவிட வேண்டும். ஹோஸையும் அப்போதே அமுக்கிப் பாருங்கள். ஊறின பணியாரம் மாதிரி மெத்தென்று இருந்தாலும் கெட்டது, கருவாடு மாதிரி விறைத்து வெடித்திருந்தாலும் கெட்டது.

டெம்பரேச்சர் முள்ளை நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் அதன் பொய்யும் தெரிந்திருக்க வேண்டும். சிவப்புக்குப் பக்கத்தில் போன முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் மட்டம் இறங்கிப்போய் சென்சார் காற்றில் தொங்கினாலும் முள் இறங்கும். திருப்பூர் வண்டியில் நடந்தது அதுதான். "எட்டாவது வளைவுல முள்ளு இறங்கிடுச்சு, சரி ஆயிடுச்சுனு நினைச்சேங்க" என்றார் மகன். சில சின்னக் கார்களில் முள்ளே கிடையாது; ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது எச்சரிக்கைக் கட்டம் தாண்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தப்பையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சூடாகிறது என்று வரும் வண்டிகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி ஹீட் ஆகாது போங்க" என்று அனுப்புவது பட்டறைகளில் இன்னும் வழக்கம். தொண்ணூறுகளில் டாக்ஸிக்காரர்களுக்கு நானே எத்தனையோ கழற்றியிருக்கிறேன். எஞ்சின் 80, 90 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது அந்த வால்வு. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் முன்னைவிடச் சூடாகும். வால்வு கெட்டால் புது வால்வு போடச் சொல்லுங்கள். கழற்றி விடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

சரி, இவ்வளவையும் பார்த்தும் வழியில் சூடாகிறது என்றால்? முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, கண்ணாடியை இறக்குங்கள். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். முள் சிவப்பைத் தொட்டாலோ, விளக்கு எரிந்தாலோ, ஆவி வந்தாலோ, வளைவில் இல்லாமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பானெட்டை உடனே தூக்காதீர்கள், ஆவி அடங்கட்டும். அப்புறம் அரை மணி, முக்கால் மணி நேரம் ஒன்றும் செய்யக் கூடாது. நம் ஆட்களுக்கு அதுதான் முடியாத காரியம். அருவித் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கிற எஞ்சின் மேல் கொட்டுவார்கள். அலுமினியம் ஹெட் சட்டென்று குளிர்ந்தால் கோணிவிடும், விரிசலும் விடும். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் மூடி. அதையும் கனத்த துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் திருப்பில் நிறுத்தி, காற்று போன பிறகு முழுக்கத் திறக்க வேண்டும். தண்ணீரை எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். அதுவும் மேலே போவதற்கு இல்லை, கீழே இறங்குவதற்கு.

திருப்பூர்க்காரர்களுக்கு ஃபேன் மோட்டார், ரேடியேட்டர், மூடி மாற்றியது என் வேலை. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து முகம் சீவி, கேஸ்கெட் போட்டது பக்கத்துப் பட்டறை. எல்லாம் சேர்த்து ரூ.38,000 ஆனது. ஒரு மாசம் முன்னால் வந்திருந்தால் மோட்டாரும், மூடியும், ஒரு ஹோஸ் கிளிப்பும் போதும்.

அதனால் நெடுஞ்சாலைத் துறைக்கு என் கோரிக்கை இது. தொட்டி கட்டுங்கள், கூடவே ஆழியாறு சோதனைச் சாவடியில், வண்டிகள் எப்படியும் நின்று போகிற இடத்தில், ஒரு பலகை வையுங்கள். "சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர். அரை மணி நேரம் காத்திருங்கள்." தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால் போதும், பாலக்காட்டுப் பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன. வண்ணம் அடிக்கிற செலவை நானே தருகிறேன்.

பெரியவர் போன வாரம் பஸ் ஏறி வந்திருந்தார். கை ஆறிவிட்டது, தோல் மட்டும் ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருக்கிறது. கழற்றிப் போட்ட பழைய மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பெயர் போட வேண்டாம். போட்டால் கடைக்கு விளம்பரம் என்பார்கள்.

இப்படிக்கு,
ரேடியேட்டர் பட்டறைக்காரர்,
பொள்ளாச்சி.